உள்காம்பராவில் நின்றுபோன படம்

"உங்களுக்கு ஏன் டீச்சர் இவ்வளவு ஸ்பீட்? தோட்டத்தில இருந்துகொண்டு என்ன செய்யப் போறியள்?"

மலைநாட்டுப் பண்டாரவளை டவுனில், தொலைபேசிக் கம்பெனியின் அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். வருடங்கள் பல ஓடிவிட்டன. கேட்டவர் இந்நேரம் பென்சன் வாங்கிக்கொண்டு ஊரில் நிம்மதியாக இருப்பார். எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்தால் காது சூடாகிவிடுகிறது. கையில் தேத்தண்ணி இருந்தால் ஆறும்வரை குடிக்காமல் வைத்துவிடுகிறேன். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், சிரித்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அதனால்தான் இன்னும் அதிகக் கோபம் வருகிறது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்து மறந்திருப்பேன்.

இணையத்தில் அந்த வேகம் எங்களுக்கு எதற்கு என்று சொல்கிறேன்.

என் அக்காவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சும் கூடவே போய்விட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஊமச்சி" என்பார்கள். பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும்போதுகூட "ஊமச்சி வந்தாச்சா?" என்பார்கள். கேட்கவில்லைதானே, அவளுக்கென்ன என்பது அவர்கள் நினைப்பு. எனக்குக் கேட்டதே, அதை யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அக்கா ஓயாமல் பேசுவாள். கையால்தான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றதில்லை, நாங்களே உண்டாக்கிக்கொண்ட பாஷை. மீசையை முறுக்கினால் கங்காணி. கெண்டைக்காலைக் கிள்ளினால் அட்டைக்கடி. மூக்கைச் சுளித்து விரலை ஆட்டினால் நான் வைத்த சாம்பார். அக்காவின் மகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே இந்தப் பாஷையைப் பழகிக்கொண்டாள். அவளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு அக்கா கொழுந்தெடுக்கப் போவாள். சாயந்தரம் அவள் வரும்போது குழந்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அம்மாவைக் கண்டதும் தன் தோளைத் தானே தட்டும். முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அக்கா திரும்பிக் குனிவாள், அது ஏறிக்கொள்ளும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்துக்குப் போகிற பாதையில் அந்த ஊர்வலம் தினமும் நடந்தது.

அந்தக் குழந்தை வளர்ந்து, தோட்டத்துப் பெண்கள் பலரையும்போல வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனது. தாயும் மகளும் எப்படிப் பேசுவார்கள்? மற்றவர்கள் வீட்டில் போன் மணி அடித்தது, எடுத்தார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். எங்கள் வீட்டில் போன் வந்தால் நான் எடுப்பேன். அவள் "நல்லா இருக்கேன் சித்தி" என்பாள். நான் அதைக் கையால் அக்காவுக்குச் சொல்வேன். அக்கா என் வாயைப் பார்ப்பாள், போனைப் பார்ப்பாள், பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தன் பிள்ளையின் சேதி இன்னொருத்தி கையால் வருவதை எந்தத் தாய் விரும்புவாள்?

அதனால்தான் இணையம் எடுத்தோம். பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர் தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். எங்கள் தெமோதரைப் பக்கம் அப்போதுதான் போன் லைன் வழியாக இணையம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் லயத்தில் முதல் இணைப்பு எங்களுடையது. அது வந்த அன்று, அந்த வெள்ளை ரவுட்டர் பெட்டிக்கு அக்கா சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். படத்தில் தன் மகள் முகம் வரப்போகிறது என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

முகம் வந்தது. வந்து, அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் மகளுக்குப் பேச அனுமதி. அவள் வேலை செய்த வீட்டு டிரைவர் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுப்பார். தமிழ் தெரிந்த ஆள். பேசி முடியும்வரை அவளுக்குப் பின்னாலேயே நிற்பார். அவருடைய சட்டை ஓரம் படத்தில் தெரியும். குரல் ஒழுங்காக வந்தது. "நல்லா இருக்கேன் சித்தி, அம்மா எப்படி?" என்று தெளிவாகக் கேட்டது. படம்தான் உறைந்துபோனது. ஒரு வெள்ளிக்கிழமை பாதிக் கண் மூடியபடி. இன்னொரு வெள்ளிக்கிழமை தலையைத் திருப்பியபடி. பல வாரங்கள் கை தோளில் இருந்தபடி, துப்பட்டாவைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தோம். குரல் யாருக்கு வேண்டும் எங்கள் வீட்டில்? காது கேட்காதவளுக்குப் படம் வராது. படம் வேண்டாத எனக்குக் குரல் வரும். இதைவிடப் பெரிய கேலி எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அக்கா திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், தட்டினால் மகள் அசைவாள் என்பதுபோல.

எங்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. முன்னால் இஸ்தோப்பு என்கிற திறந்த திண்ணை, அதற்கு உள்ளே முன்காம்பரா என்கிற முன்னறை, அதற்கும் உள்ளே ஒரு சின்னக் காம்பரா. போன் லைன் முன்காம்பரா வரைதான் வந்தது, ரவுட்டரும் அங்கேதான். லேப்டாப்பை அக்கா உள்காம்பராவில்தான் வைக்கச் சொன்னாள். அதற்கு அவளிடம் நியாயம் இருந்தது. மற்றவர்களுக்கு ரகசியம் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்தினால் போதும். அக்காவுக்கு ரகசியம் என்றால் யார் கண்ணிலும் படக் கூடாது. லயத்தில் பகலில் முன்கதவைச் சாத்திவைக்கிற பழக்கம் கிடையாது. சாத்தினால் வீட்டில் யாருக்கு என்னவோ என்று பத்துப் பேர் வந்து தட்டுவார்கள். முன்காம்பராவில் உட்கார்ந்து அக்கா கையை அசைத்தால், போகிற வருகிறவர்கள் எல்லாம் இஸ்தோப்பில் நின்று சினிமா பார்ப்பார்கள். பார்த்தார்கள். ஒரே ஒரு தடவைதான், மகள் படம் வருவதற்கு முன்னால், பழகிப் பார்க்க அங்கே உட்கார்ந்தாள். இரண்டு பெண்கள் அவள் கையைப் போலவே ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் முன்காம்பராவில் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

படம் ஏன் நிற்கிறது என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். பனிமூட்டம் என்றார் ஒருவர். மூட்டமே இல்லாத வெள்ளிக்கிழமையும் நின்றது. மலை மறைக்கிறது என்றார் இன்னொருவர். மலை போன் கம்பியை எப்படி மறைக்கும் என்று கேட்டேன். லயத்துப் பையன்கள் திருடிப் பாவிக்கிறார்கள் என்றார்கள். அதையும் விடக்கூடாது என்று பாஸ்வேர்டை மாற்றினேன். படம் நின்றது நின்றபடியே. பையன்கள்தான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கம்பெனிக்குப் போன் எடுத்தேன். தமிழில் பேச ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்ததும் சிங்களத்தில் ஒரு பெண். எனக்குச் சிங்களம் தெரியும், பேசினேன். ஆனால் தமிழுக்கு என்று ஓர் இலக்கத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அழகுக்கா? பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றாள். போட்டேன். அடுத்த முறை எடுத்தபோதும் அதையேதான் சொன்னாள். அந்தப் பெட்டியை நான் அணைத்து அணைத்துப் போட்ட அளவுக்கு எங்கள் வீட்டு விளக்கைக்கூட அணைத்துப் போட்டதில்லை.

லேப்டாப் கொடுத்த டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, அதைத் திறந்து அழுத்தினால் வாகனத்தில் இருப்பதுபோல ஒரு முள் ஓடி வேகத்தைக் காட்டும் என்றார். உள்காம்பராவில் உட்கார்ந்து அழுத்தினேன். முள் கொஞ்சம் எழுந்து, களைத்துப்போய் விழுந்தது. நாங்கள் கேட்டு எடுத்த வேகத்தில் கால்வாசிகூட இல்லை. இதோ ஆதாரம் என்று எனக்கு ஒரே ஆவேசம். மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன்.

அங்கேதான் அந்த மின்விசிறி மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "தோட்டப் பக்கம் எல்லாம் இப்பிடித்தான் டீச்சர். பழைய லைன். அங்க இதுவே பெரிய விசயம்" என்றார்.

"அப்ப டவுன்ல குடுக்கிறதையே எங்களுக்கும் குடுக்கிறோம்னு ஏன் சொன்னீங்க?" என்றேன்.

"சொல்லுறதுதானே. போன் ஒழுங்கா வேலை செய்யுதோ?"

"செய்யுது."

"பிறகென்ன? கதைக்கலாம்தானே."

அதற்குப் பிறகுதான், எங்களுக்கு ஏன் இவ்வளவு ஸ்பீட் என்று கேட்டார். அக்காவைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அவளுடைய காதைக் காட்டி இரக்கம் வாங்கித்தான் எங்களுக்கு வரவேண்டியதை வாங்க வேண்டுமா? டவுனில் இருக்கிற ஒருவரிடம் எதற்கு என்று கேட்பார்களா? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதற்கு எடுக்கிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தோட்டம் என்றால் மட்டும் தண்ணீருக்கும் காரணம் சொல்ல வேண்டும், ரோட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டும், இப்போது இதற்கும்.

"ஆளனுப்புங்க, பார்க்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். மின்விசிறியை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஆள் வந்தார். சிங்களப் பையன், மரியாதையான பையன். முன்காம்பராவில் குந்தி உட்கார்ந்து, தன்னுடைய கம்ப்யூட்டரை ஒரு குட்டை வயரால் ரவுட்டரோடு பொருத்தி அழுத்தினான். முள் பாய்ந்து போய்க் கடைசியில் நின்றது.

"லைன் ஹொந்தாய், மிஸ்" என்றான். நன்றாக இருக்கிறதாம்.

"உள்ளுக்கு வந்து பாருங்க தம்பி. அங்கதான் வர மாட்டேங்குது."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அது வீட்டுப் பிரச்சினை, மிஸ். லைன் பிரச்சினை இல்ல" என்று சொல்லி, வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வீட்டைக் குறை சொல்ல இவன் யார் என்று இஸ்தோப்பில் நின்று சத்தம் போட்டேன். நீளமான வயர் ஒன்றை வாங்கி உள்ளே வரைக்கும் இழுத்தால் தீர்ந்தது என்று இன்றைக்கு யாரும் சொல்லுவார்கள். அன்றைக்கு அப்படி நீள வயர் கடையில் கிடைக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது; தெரிந்தவன் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை.

சத்தம் போட்டு ஓய்ந்த பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. லைன் நல்லது. சரி, அப்படியென்றால் கெட்டது எது?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டேன். முன்காம்பராவில், வயர் இல்லாமல், ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அழுத்தினேன். முள் பாய்ந்தது. அப்படியானால் லேப்டாப் நல்லது, ரவுட்டரும் நல்லது. உள்காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முள் விழுந்தது. தூரம்தான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. தூரம் என்றால் இன்னும் தூரம் போய்ப் பார்ப்போமே என்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். அங்கே மதினி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க டீச்சர், பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊர்கோலமா? அதுக்கும் பசிக்குதா?"

"கொஞ்சம் இருங்க மதினி" என்று அவர் அடுப்படியில், மாவு டின்னின் மேல் லேப்டாப்பை வைத்து அழுத்தினேன். எங்கள் உள்காம்பராவைவிட அது தூரம். நடுவில் கருங்கல் சுவர் வேறு. ஆனாலும் முள் நன்றாக எழுந்தது. லயத்து வீடுகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டுப் புகையும் சண்டையும் அடுத்த வீட்டுக்குப் போகிற வழி அது. சிக்னலும் அந்த வழியே போயிருக்கிறது.

"எங்க வீட்டு நெட்டு எங்க வீட்டுக்குள்ள வராம ஒங்க அடுப்படிக்கு வருது மதினி!"

"ரொட்டி வாசத்துக்கு வந்திருக்கும்" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் எங்கள் முன்காம்பராவுக்கும் உள்காம்பராவுக்கும் நடுவில் இருந்த தட்டியின் முன்னால் நின்றேன். இது மட்டும்தான் லயம் கட்டியவர்கள் வைக்காத சுவர். இது அக்காவின் கணவர், என் மச்சான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடித்தது. அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே தூள் கட்டுகிற பகுதியில் இருந்தார். அதுவரை தேயிலைத் தூள் பலகைப் பெட்டிகளில் போனது. பிறகு காகிதச் சாக்கு வந்தது. மிச்சமான பெட்டிகள் மலையாகக் குவிந்தன. தோட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பலகையைக் கொண்டுவந்து வீட்டுக்குள் தட்டி அடித்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டிகளின் உட்புறத்தில், தூளுக்கு ஈரம் ஏறாமல் இருக்க, ஈயத்தாள் ஒட்டியிருக்கும். மச்சான் அதை உரிக்கவில்லை. உரிக்காதது மட்டுமில்லை, இன்னும் கொஞ்சம் ஈயத்தாள் கொண்டுவந்து, கதவையும் சேர்த்து, ஓர் இடைவெளி விடாமல், கீழிருந்து கூரை வரை ஒட்டினார். அக்காவுக்குக் குளிர் தாங்காது. பிரசவத்துக்குப் பிறகு அவள் நடுங்குவதைப் பார்த்துத்தான் செய்தார். அதன் மேல் பேப்பர் ஒட்டி, ஒவ்வொரு தீபாவளிக்கும் சுண்ணாம்பு அடித்து அடித்து, அடியில் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிட்டோம். அவரும் காலமாகிவிட்டார்.

ஈரத்தில் பேப்பர் உப்பியிருந்த ஒரு மூலையை நகத்தால் கிழித்தேன். ஈயத்தாள் பளபளவென்று என்னைப் பார்த்தது. பானையை மூடியதுபோல அந்த மனிதர் அறையை மூடி வைத்திருக்கிறார். குளிர் நுழையாத இடத்தில் எதுதான் நுழையும்?

அக்கா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். தட்டியைக் காட்டி, உரிப்பதுபோலக் கையைக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. என் கையைத் தட்டிவிட்டாள். மச்சானுக்கு எங்கள் பாஷையில் அடையாளம், வலது காதில் செருகிய பென்சில். அந்தப் பென்சிலைக் காட்டினாள், தட்டியைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள். அவர் எனக்காகச் செய்தது, தொடாதே என்றாள். ஆனால் விட முடியுமா? லேப்டாப்பை முன்காம்பராவில் வைத்து முள் பாய்வதைக் காட்டினேன். உள்ளே கொண்டுபோய் முள் விழுவதைக் காட்டினேன். கிழித்த மூலையைக் காட்டினேன். மகள் படத்தில் உறைந்து நிற்பதை நானே நடித்துக் காட்டினேன்.

அக்கா கிழிந்த மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியோடு வந்தாள். அவர் கையால் அடித்த தட்டியை வேறு யாரையும் பிரிக்க விடவில்லை. ஒவ்வொரு ஆணியாக நெம்பி, ஒவ்வொரு பலகையாக இறக்கி, ஈயத்தாளை உரித்து எறிந்தாள். வெறும் பலகையை மறுபடி அடித்தோம். அன்றிலிருந்து அந்தக் காம்பராவில் குளிர்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். பச்சைப் பொட்டு வந்தது, மணி அடித்தது, முகம் வந்தது. இந்த முறை கண் சிமிட்டியது. தலை அசைந்தது. பின்னால் டிரைவரின் சட்டை ஓரமும் அசைந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

"நல்லா இருக்கேன் சித்தி. சாப்பாடெல்லாம் நல்லா குடுக்கிறாங்க. மேடம் நல்லவங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவள் கை தோளில் இருந்தது. துப்பட்டாவைப் பிடிக்கவில்லை. தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, பின்னால் நிற்பவருக்குத் தெரியாதபடி, நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தது.

நான் இன்னும் "வேலை கஷ்டமா?" என்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்துவிட்டாள். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பிள்ளைக்காம்பரா வேலிக்கு முன்னால் நிற்பதுபோல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அங்கே சிரிப்பு நின்றது. குரல் மட்டும், "சரி சித்தி, வச்சிடறேன்" என்றது.

அவளைத் திரும்பக் கொண்டுவர நான் ஏறாத அலுவலகம் இல்லை. எந்த அலுவலகத்திலும், "பிள்ளையே நல்லா இருக்கேன்னுதானே சொல்லுது" என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் சண்டை போட்டு, கடைசியில் வந்து சேர்ந்தாள். எலும்பும் தோலுமாக வந்தாள், முழங்கையில் ஆறிய சூட்டுக் காயங்களோடு. அவள் எத்தனை வெள்ளிக்கிழமைகள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

பண்டாரவளைக்காரரிடம் அன்று நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். எங்களுக்குப் பெரிய வேகமெல்லாம் வேண்டாம், ஐயா. ஒரு பெண் தன் தோளைத் தட்டினால், தட்டுகிறாள் என்று அவள் தாய்க்குத் தெரிய வேண்டும். அந்த அளவுக்குக் கொடுத்தால் போதும்.